எர்த் குழிக்கு யார் பொறுப்பு?

ஐப்பசி பிறந்து நாலு நாள் இடியும் மழையுமாகக் கொட்டி ஓய்ந்தால், மந்தாரக்குப்பம் பக்கத்து ரிப்பேர் கடைகளில் கூட்டம் கூடிவிடும். டி.வி., செட்டாப் பாக்ஸ், வைஃபை ரூட்டர், வாஷிங் மெஷினின் போர்டு என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அப்படியொரு மாலையில், பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் டி.வி.யோடு ஒரு ஸ்பைக் பஸ்டரையும் மேசைமேல் வைத்தார்.

"இது இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னுதானே தம்பி வித்தாங்க? இதுவும் போச்சு, டி.வி.யும் போச்சு."

கடைக்காரர் திருகுகளைக் கழற்றி மூடியைப் பிரித்தார். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு நீல வில்லை. ஒரு பக்கம் வெடித்து, சுற்றிலும் புகைக்கரி படிந்திருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுக் கேட்டார்: "ஐயா, உங்க வீட்டு ப்ளக் பாயிண்டுல எர்த்து வருதான்னு என்னிக்காவது பாத்திருக்கீங்களா?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "மூணு ஓட்டை இருக்குதே!"

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் வீட்டில் எர்த் இருக்கிறது என்பதற்கு நம்மில் பலரிடம் உள்ள ஒரே சாட்சியும் அந்த மூன்றாவது ஓட்டைதான்.

இதைப் பேசுவதற்கு நெய்வேலியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது, ஊற்றோடு கறுப்பாக ஏதோ சேர்ந்து வந்தது என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. அடுத்த ஆண்டு மே 20-இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962-இல் முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. இன்று தமிழ்நாடு மட்டுமல்லாமல் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி வரை இந்த ஊர் மின்சாரம் போகிறது. எல்லாம் மண்ணுக்கடியில் கிடந்த பழுப்பு நிலக்கரியின் கொடை. மண்ணிலிருந்து எடுத்த மின்சாரம் அளவு மீறிப் பொங்கும்போது மண்ணுக்கே திரும்ப ஒரு வழி வேண்டும். அந்த வழிக்குப் பெயர்தான் எர்த். அந்த வழியை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் இன்றைக்கு நம் கேள்வி.

வில்லை செய்யும் வேலை

வெடித்துக் கிடந்த அந்த நீல வில்லையின் சரக்கு துத்தநாக ஆக்சைடு. வழக்கமான 230 வோல்ட் அழுத்தத்தில் அது மின்சாரத்தைக் கடத்தாது. இருப்பதே தெரியாமல் இருக்கும். மின்னழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டித் துள்ளினால், கண் இமைப்பதற்கும் எத்தனையோ மடங்கு முன்பாகக் கதவைத் திறந்து, மிகுதியைத் தன் வழியாகத் திருப்பிவிடும். துள்ளல் அடங்கியதும் மறுபடி மூடிக்கொள்ளும். சர்ஜ் ப்ரொடெக்டர் என்று நாம் வாங்குவதன் உயிர் இதுதான். நெய்வேலி சுவிட்ச்யார்டில் பீங்கான் தூண் போல நிற்கும் லைட்னிங் அரெஸ்டரைப் பார்த்தவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. இன்றைய அரெஸ்டர்களுக்குள் அடுக்கியிருப்பதும் இதே துத்தநாக ஆக்சைடு வில்லைகளைத்தான். ஆலையில் ஆள் உயரத்துக்கு நிற்பதன் பேரப்பிள்ளைதான் நம் வீட்டு மேசைக்கடியில் கிடக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாடு. ஆலையில் அரெஸ்டரின் கால், நிலத்துக்கடியில் பின்னிக் கிடக்கும் எர்த் வலையோடு கட்டப்பட்டிருக்கும்; அந்த வலையின் தடையைக் கருவி வைத்து அளப்பார்கள். வீட்டிலோ வில்லையின் கால் எங்கே போய் முடிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பேஸ் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள வில்லை, எர்த் இல்லாவிட்டாலும் ஓரளவு வேலை செய்யும். பக்கத்தில் மின்னல் விழும்போதோ இரண்டு கம்பிகளும் சேர்ந்தே எகிறும். அப்போது இறங்கிப் போக மண் ஒன்றுதான் வழி. அந்த வழி அடைபட்டிருந்தால், கதவைத் திறந்துவிட்டும் வெள்ளம் வீட்டுக்குள்ளேயேதான் சுற்றும்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு துள்ளலையும் தாங்கும்போது வில்லை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. ஒருநாள் செத்துப்போகிறது. நல்ல ப்ரொடெக்டரில் அதைக் காட்ட ஒரு சிறு விளக்கு இருக்கும். அந்த விளக்கு அணைந்து எத்தனை மாதம் ஆனாலும் ப்ளக்கில் மின்சாரம் வந்துகொண்டிருப்பதால் நாம் கவனிப்பதில்லை. மலிவாகக் கிடைக்கிற பல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் வில்லையே இருக்காது. சிவப்பு ஸ்விட்ச் மட்டும் எரியும்.

முன்பு வீட்டில் இருந்ததெல்லாம் குண்டு பல்பும் செம்பு சுற்றிய ஃபேனும். அவை ஏற்ற இறக்கத்தை முனகிக்கொண்டே தாங்கின. இன்று பல்புக்குள் மின்னணுச் சுற்று, ஃபேனுக்குள் மின்னணுச் சுற்று, இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜுக்குள் அதைவிடப் பெரியது. மெக்கானிக் வந்து "போர்டு போயிடுச்சு" என்று சொன்னால், புதுப் பெட்டியே வாங்கிவிடலாம் போல விலை சொல்கிறார். கூரைமேல் சூரியத் தகடு வைக்க 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. மொட்டை மாடியில், மின்னலுக்கு முதல் வரிசையில், இன்னொரு விலையுயர்ந்த மின்னணுச் சாதனம் ஏறப்போகிறது. "எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது" என்கிற பேச்சு அந்தக் காலத்துப் பொருள்களுக்குச் சரி.

பக்கத்து வீட்டு கீசரும் நம் வீட்டு டி.வி.யும்

மின்னலைவிட அடிக்கடி வீட்டுப் பொருள்களைக் காவு வாங்குவது நியூட்ரல் கோளாறு. ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து தெருவுக்கு மூன்று பேஸும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஏதாவது ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரு பேஸ்களுக்கு இடையே 400. துருப்பிடித்த ஒரு கிளாம்ப் விட்டுப்போய் நியூட்ரல் அறுந்தால், வேறு வேறு பேஸில் இருக்கும் வீடுகள் ஒன்றோடொன்று தொடராகக் கோத்துக்கொள்கின்றன. ஒரு வீட்டில் கீசர் ஓடுகிறது, இன்னொரு வீட்டில் டி.வி. மட்டும் ஓடுகிறது என்றால், கீசர் வீட்டில் அழுத்தம் குறைந்து விளக்கு மங்கும், டி.வி. வீட்டில் அது 400-ஐ நோக்கி ஏறும். அங்கே விளக்குகள் என்றைக்கும் இல்லாத வெளிச்சத்தில் எரியும். அதை நல்ல கரண்ட் என்று நினைத்து ரசிப்பவர்களும் உண்டு.

இங்கே வெறும் சர்ஜ் ப்ரொடெக்டரும் கைவிட்டுவிடும். நொடியில் சிறு துளி நேரத் துள்ளலுக்காகச் செய்த வில்லை, நிமிடக்கணக்கில் நீடிக்கும் மிகை அழுத்தத்தில் சூடேறி எரியும். அதற்கு வேண்டியது, அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் இணைப்பையே துண்டித்துவிடும் வோல்டேஜ் கட்-ஆஃப். ஆளுக்கொரு வேலை உண்டு: எம்.சி.பி. கம்பி சூடேறாமல் காக்கும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. மின்கசிவிலிருந்து மனிதரைக் காக்கும். கட்-ஆஃப் நீண்ட ஏற்ற இறக்கத்திலிருந்தும், சர்ஜ் ப்ரொடெக்டர் திடீர்த் துள்ளலிலிருந்தும் பொருளைக் காக்கும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. இவர்களில் சர்ஜ் ப்ரொடெக்டருக்கு முதுகுக்குப் பின்னால் எர்த் என்ற சுவர் வேண்டும். சாதனத்தின் உலோக உடம்பில் கசிவு வந்ததும், யாரும் தொடும் முன்பே, ஆர்.சி.சி.பி. விழுவதற்கும் அதே சுவர்தான் வேண்டும்.

கேரவன்காரரின் பழக்கம்

கேரவன் என்றால் நமக்கு சினிமா நட்சத்திரம்தான் நினைவுக்கு வருவார். அமெரிக்காவில் அது பணி ஓய்வு பெற்ற தம்பதிகளின் வீடு. படுக்கை, அடுப்பு, ஏ.சி. எல்லாம் வண்டிக்குள்ளே இருக்க, ஊர் ஊராகப் போய், முகாம் மைதானத்தில் நிற்கும் ஒரு மின்கம்பப் பெட்டியில் வயரைச் செருகிக் குடியிருப்பார்கள். அந்தப் பெட்டிக்கு யார் வயரிங் செய்தார்கள், எப்போது பார்த்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதனால் முன்னெச்சரிக்கை உள்ளவர்கள் பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவில் முதலில் ஒரு ப்ரொடெக்டரை வைப்பார்கள். தரமான ப்ரொடெக்டர், எர்த் இருக்கிறதா, கம்பிகள் இடம் மாறியிருக்கின்றனவா, நியூட்ரல் சரியா என்று பார்க்கும். அங்கே 120 வோல்ட் வரவேண்டும்; சுமார் 132-ஐத் தாண்டினாலோ 104-க்குக் கீழே இறங்கினாலோ கதவைத் திறக்காது. எல்லாம் சரி என்று தெரிந்தபின், ஏ.சி.யின் கம்ப்ரஸர் ஓய்வதற்காகச் சிறிது காத்திருந்துதான் மின்சாரத்தை உள்ளே விடும். அங்கும் பெரிய இணைப்புகளில் நியூட்ரல் விட்டால் 120-இல் ஓட வேண்டிய பொருளுக்கு 240 வரை ஏறிவிடும்.

இரண்டு இரவு தங்கிவிட்டுப் போகிறவர் இத்தனை பார்க்கிறார். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருக்கும் நாம் ஒருமுறையும் பார்ப்பதில்லை.

யோசித்துப் பார்த்தால் நிறுவனத்தின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் வாழ்க்கையும் ஒரு கேரவன் வாழ்க்கைதான். பதவி உயர்ந்தால் பெரிய குவார்ட்டர்ஸ், ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியே. டி.வி., ஃபிரிட்ஜ், ஏ.சி. எல்லாம் நமது, அவற்றைச் செருகும் சுவர் நமதில்லை. புது வீட்டுக்குப் போனால் சுண்ணாம்பு அடித்திருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறோம். கொல்லையில் புதர் மூடிக் கிடக்கும் எர்த் குழியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நமக்கு முன் இருந்தவரும் பார்த்திருக்க மாட்டார். வேலி தாண்டி மந்தாரக்குப்பம், வடக்குத்து, இந்திரா நகர் என்று சொந்த வீடு கட்டியவர்களின் நிலையும் பெரிதாக வேறில்லை. தளம் போடும்போது மேஸ்திரியோடு மல்லுக்கட்டியவர்கள், எர்த்துக்கு உப்பும் கரியும் போட்டார்களா என்று பார்க்காமல் எலக்ட்ரீஷியனுக்குக் கணக்கு முடித்தவர்கள்தான்.

இந்த வட்டாரத்துச் செம்மண் வேறு கோடையில் காய்ந்து இறுகிவிடும். மண் காய்ந்தால் அதன் மின்தடை ஏறும். மார்கழியில் நன்றாக இருந்த எர்த் சித்திரையில் அதே எர்த்தாக இருக்காது. அந்தக் காலத்து அம்மாக்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரை எர்த் குழியில் ஊற்றச் சொன்னது வேடிக்கைக்காக இல்லை.

கை மாறிப் போகும் பொறுப்பு

பொருள் எரிந்ததும் நாம் கைகாட்டத் தொடங்குகிறோம். நுகர்வோர் மின்வாரியத்தைக் காட்டுகிறார். மின்வாரியம் வீட்டு வயரிங்கைக் காட்டுகிறது. எலக்ட்ரீஷியன் மட்டமான பொருளை வாங்கித் தந்த வீட்டுக்காரரைக் காட்டுகிறார். கடைக்காரர் எர்த் இல்லாததைக் காட்டுகிறார். இதில் விசித்திரம் என்னவென்றால், நால்வர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் ஒருவரும் சரிசெய்வதில்லை.

மின்பாதுகாப்பு ஒரு சங்கிலி. ட்ரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் எர்த் அதன் முதல் கண்ணி. நம் மேசைக்கடியில் உள்ள வில்லை கடைசிக் கண்ணி. கடைசிக் கண்ணியை மட்டும் கடையில் வாங்க முடியும்.

சங்கிலியை நாமே அறுக்கும் இடங்களும் பல. பழைய அடுக்கு வீடுகள் சிலவற்றில் இரும்புத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தியிருப்பார்கள். அதுவே தவறு. கீழ்வீட்டுக்காரர் துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டு பி.வி.சி. போட்ட அன்று, மேல்வீட்டின் எர்த் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. அவருக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. மேல்வீட்டு கீசரில் கசிவு வந்தால் குளியலறைக் குழாயைத் தொட்டவர் கையில் ஷாக். எர்த் கம்பி செம்பு என்பதால் பழைய இரும்புக் கடைக்குப் போவதும் நடக்கிறது. ஏ.சி.யின் மூன்று முள் ப்ளக் நுழையாவிட்டால் மூன்றாவது முள்ளை ஒடிக்கும் கைகளையும் பார்த்திருக்கிறோம். அந்த முள் மற்ற இரண்டையும்விடத் தடித்து நீண்டிருப்பது, மின்சாரம் தொடும் முன்பே எர்த் தொட்டிருக்க வேண்டும் என்பதற்காக. வயல்வெளியில் இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கன்டென்சர் போட்டு மோட்டாரை ஓட்டும்போது, அந்த லைனில் உள்ள எல்லோருடைய அழுத்தமும் தள்ளாடுகிறது.

ஆலைக்குள் லைன் க்ளியர் வாங்காமல் பிரேக்கர் பக்கம் போகாதவர், வீட்டில் ஃபியூஸ் கேரியரில் தடித்த கம்பியைச் சுற்றுகிறார். இந்த ஊரில் மின்அறிவுக்குப் பஞ்சமில்லை. அது ஷிஃப்ட் முடிந்து வாயிலைத் தாண்டும்போது டிஃபன் கேரியரோடு வீட்டுக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

ஆளுக்கொரு பங்கு

குடியிருப்போர் பங்கு முதலில். வீட்டு மெயின் போர்டில் ஒரு சர்ஜ் ப்ரொடெக்டரும் வோல்டேஜ் கட்-ஆஃபும் வைக்கச் சில ஆயிரம் ரூபாய் ஆகலாம். அது முடியாதவர்கள் குறைந்தது எர்த்தைச் சோதிக்கலாம். மூன்று சிறு விளக்குகள் உள்ள சாக்கெட் டெஸ்டர் மலிவுதான். எர்த் அறவே இல்லாவிட்டால் அது காட்டிவிடும். இருக்கும் எர்த் நல்லதா என்பதை அளவுக் கருவிதான் சொல்லும். குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் தாமாகக் கைவைக்காமல் பராமரிப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், வாயால் சொன்னால் போதாது. இடி வரும் என்று வானம் சொல்லும்போதே ப்ளக்கைப் பிடுங்குங்கள். இடித்துக்கொண்டிருக்கும்போது ஓடிப்போய்ப் பிடுங்காதீர்கள். டி.வி. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு கேபிளை விட்டுவைப்பது, முன்கதவைச் சாத்திக் கொல்லைக் கதவைத் திறந்துவைப்பது போல. விளக்குகள் திடீரென்று அதிகமாக எரிந்தால், பொருள்களை ஒவ்வொன்றாக அணைக்காமல் நேரே மெயினை இறக்குங்கள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். அங்கேயும் அதே நேரத்தில் ஏதோ எரிந்துகொண்டிருக்கும்.

மின்வாரியத்தின் பங்கு பெரிது. நியூட்ரல் இணைப்புகளையும் ட்ரான்ஸ்ஃபார்மர் எர்த்தையும் மழைக்கு முன் பார்ப்பதும், நியூட்ரல் புகாருக்கு உடனே ஆள் அனுப்புவதும் வேறு யாராலும் செய்ய முடியாத வேலை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது இந்த வட்டாரத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. இருட்டில், முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்துகிடந்த பாதைகளில் கம்பம் சுமந்து போன லைன்மேன்களை இந்த மாவட்டம் மறக்காது. அந்த உழைப்பின் மேல் உள்ள மதிப்பினால்தான் கேட்கிறோம்: அறுந்தபின் ஓடிவருவதைவிட அறுமுன் பார்ப்பது அவர்களுக்கும் சுலபம். நாமும் 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் புகாரைப் பதிந்து, பதிவு எண்ணைக் குறித்துவைக்கப் பழக வேண்டும். பதியாத புகார், இல்லாத புகார்.

டவுன்ஷிப் நிர்வாகம் ஒன்றே ஒன்று செய்தால் போதும்: குவார்ட்டர்ஸ் கை மாறும்போது சுண்ணாம்பு அடிப்பதோடு எர்த் தடையையும் அளந்து, தேதியும் அளவும் எழுதிய ஒரு சீட்டை மெயின் போர்டில் ஒட்டட்டும். தீயணைப்பான் உருளையில் தொங்குகிற அட்டை மாதிரி. புதிதாகக் குடிவருபவர் அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார். கேள்வி கேட்கும் குடித்தனக்காரர் எந்த நிர்வாகத்துக்கும் நல்லவர்.

எலக்ட்ரீஷியன்களும் கடைக்காரர்களும் இந்தச் சங்கிலியின் நடுக் கண்ணி. எர்த் இல்லாத வீட்டில் ஸ்பைக் பஸ்டர் விற்கும்போது "எர்த்து பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்வதால் வியாபாரம் குறையாது. வட்டார ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு எர்த் டெஸ்டரைக் கொடுத்து, தெருவுக்கு ஒருநாள் என்று அளக்கவிட்டால், அவர்களுக்குப் பாடம், நமக்குப் பயன். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். அன்று எடுக்கும் உறுதிமொழியை வீட்டு வாசல்வரை நீட்டிக்கலாம். வழக்கமாக ஜூலையில் கூடும் நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் ஒரு மேசை போட்டு, வெடித்த வில்லையையும் நல்ல வில்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே நூறு கூட்டம் போட்டதற்குச் சமம்.

செலவைப் பற்றிப் பேசுவோரின் கவலை நியாயமானது. ஒப்பந்தத் தொழிலாளி குடும்பத்துக்கு இரண்டாயிரம் ரூபாயும் பெரிய பணம். ஆனால் எர்த் குழி சரியாக இருக்கும் தெருவில், நியூட்ரல் இறுக்கமாக இருக்கும் லைனில், எதுவும் வாங்க முடியாதவரின் ஃபிரிட்ஜுக்கும் ஆபத்து குறைவு. பொதுக் காப்பைச் சரிசெய்தால் முதலில் பயன்பெறுவது ஏழை வீடுதான். வசதியுள்ளவர் தம் வீட்டுக்கு மட்டும் ப்ரொடெக்டர் வாங்கி ஒதுங்கிக்கொண்டால், தெருவின் கிளாம்ப் துருப்பிடித்தபடியேதான் கிடக்கும். அந்தத் துரு அவர் வீட்டு வாசலிலும் வந்து நிற்கும்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வடலூர். அங்கே வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. விறகு போடுவது யார் வேலை என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்திருந்தால், அது என்றைக்கோ அணைந்திருக்கும். எரிய வைப்பதற்கு ஊர் கூடியது போல, எரியாமல் காப்பதற்கும் ஊர் கூட வேண்டியிருக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன பெரியவர், வீட்டுக்குப் போய்க் கொல்லைப் புதரை வெட்டிப் பார்த்தாராம். எர்த் குழியின் மூடி இருந்தது, குழாயும் இருந்தது. கிளாம்பிலிருந்து கம்பி விட்டுப்போய் எத்தனை வருடமோ. ஒரு போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்க எலக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிடம் ஆனது. இந்த மழைக்கு முன் உங்கள் வீட்டுக் குழியையும் திறந்து பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் பார்க்கச் சொல்லுங்கள்.